குளியல் தட்டிக்குள் கட்டெறும்பு

ஜனவரி 8, புதன்

இதைப் படிக்கிறவர்கள் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ‘ழ’ வயிறு உப்பிக்கொண்டு அடுத்த வரிக்குள் இறங்கிவிடுகிறது. ‘ற’ கால் மடங்கி விழுகிறது. அறுபத்தொன்பது வயதுக் கை இது. முப்பத்தெட்டு வருஷம் வெல்ல ஆலையில் கொப்பரைக்குள் துடுப்புப் போட்ட கை. பேனா இதற்கு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது, அழுத்தாவிட்டால் எழுத்து வருவதில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். எழுதிவிட்டேன் அல்லவா!

பள்ளிக்கூடத்தில் புதனும் சனியும் சாயங்காலம் எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மேகலா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, “கதையெல்லாம் வேண்டாங்கய்யா. கண்ணால பாத்தத எழுதுங்க. அப்பப்ப கொண்டாங்க, தப்பு இருந்தா திருத்தித் தர்றேன்” என்றார்.

எறும்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

“ஆலைக்காரருக்கு எறும்பு ஆகாதேங்கய்யா?” என்று சிரித்தார்.

ஆகாதுதான். ஆனால் நான் பிழையில்லாமல் எழுதிய முதல் முழுச் சொல் ‘எறும்பு’. அதனால் எடுத்துக்கொண்டேன். காரணம் அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

எறும்புக்கு ஆறு கால். இத்தனை வருஷமாக எட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது கால் இல்லை, மீசை. அது முழங்கை மாதிரி நடுவில் மடங்குகிறது. எதிரில் இன்னொரு எறும்பு வந்தால் நின்று மீசையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. நம் ஊரில் இவ்வளவு விசாரிப்பு இப்போது கிடையாது.

ஜனவரி 11, சனி

இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் மடித்துவிடப் போகிறேன். டீச்சர் மடித்த பக்கத்தைப் படிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தட்டி வைத்து மறைத்த குளிக்கிற இடம் இருக்கிறது. கூரை கிடையாது. நடுவில் ஒரு துவைக்கிற கல். நானும் என் வீட்டுக்காரி பழனாத்தாளும் குளிப்பது, ஒன்றுக்குப் போவது எல்லாம் அங்கேதான். பத்து நாளாக அங்கே கட்டெறும்பு வருகிறது. ஒன்றிரண்டு இல்லை, சாரி சாரியாக. கல்லின் ஓரத்தில், தண்ணீர் வெளியே போகிற இடத்தில் மொய்த்துக்கொண்டு நிற்கிறது. கழுவி விட்டால் மறுநாள் காலையில் திரும்பவும் நிற்கிறது.

ஆலையில் பாகு எங்கே சிந்தியிருக்கிறது என்று நாங்கள் கண்ணால் தேட மாட்டோம். எறும்பின் பின்னால் போவோம். மூட்டைக்கு அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அது தப்பான இடத்தைக் காட்டியதில்லை.

என் அண்ணன் கருப்பணனுக்கும் இப்படித்தான் தெரிய வந்தது. அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை அண்ணி பார்த்துச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு காலால் நடந்து போனார். ஒரு வருஷத்தில் ஒரு காலோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம்தான் இருந்தார். அந்த நோயின் பெயரை எனக்கு எழுதத் தெரியும். எழுதவில்லை.

நானும் வாழ்நாள் முழுக்கப் பதம் பார்க்கிறேன் என்று பாகை நக்கியவன்தான்.

பழனாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரிக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் அவள் முன்னாலேயே இதை எழுதுகிறேன். இது சரியா என்று தெரியவில்லை.

“அப்பிடி என்னுங் எழுதறீங்?”

“எறும்பப் பத்தி.”

“அதுக்கு மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிருக்கறீங்? கடிச்சுப் போட்டுதா?”

ஜனவரி 12, ஞாயிறு

டீக்கு சர்க்கரை வேண்டாம் என்று சொன்னேன். நாக்கு கசக்கிறது என்று காரணம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் தன் டம்ளரில் சர்க்கரை போடாமல் குடித்தாள். பல் கூசுகிறதாம். வயதானால் பல் கூசத்தான் செய்யும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பானை பொங்கியது. என் பழைய ஆலையிலிருந்து அனுப்பிய வெல்லம். வாசனையிலேயே பதம் தெரிந்தது, நல்ல பாகு. இலையில் ஒரு கரண்டி வைத்தாள். நான் ஒரு பருக்கையைத் தொட்டுச் சாமி கும்பிட்டுவிட்டு, வயிறு மந்தமாக இருக்கிறது என்றேன்.

“நீ தின்னு புள்ள.”

“ஆக்குனவளுக்கு வாசத்துலயே வயிறு ரொம்பிப் போச்சுங்.”

முழுப் பானையும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டுச் சரோஜினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏனுங்க்கா, நீங்க ரெண்டு பேரும் வாயில வெக்காம எங்களுக்கே குடுக்கறீங்களே, உள்ள என்னத்தப் போட்டிருக்கறீங்?” என்று கேட்டாள். பழனாத்தாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் முதலில் நிறுத்தினாள்.

நான் என் இலையிலிருந்து ஒரு உருண்டைப் பொங்கலை வேலி ஓரத்தில் எறும்புக்கு வைத்தேன். முதலில் ஒரே ஒரு எறும்பு கண்டுபிடித்தது. கொஞ்சம் குடித்துவிட்டு, வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு, புள்ளி வைத்துக்கொண்டு போகிற மாதிரி புற்றுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே வழியில், அதே வளைவில், நாற்பது ஐம்பது எறும்பு வந்துவிட்டது. வளைவு எதற்கு? நேராகவே வரலாமே? முதல் எறும்பு வளைந்து போனதால் எல்லாம் வளைந்து வருகிறது!

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

வகுப்பு இல்லை. எறும்புக்கு விடுமுறை இல்லை. கல் ஓரத்தில் நிற்கிறது.

ஜனவரி 18, சனி

சாரி போகிற வழியில் விரலை நனைத்துக் குறுக்கே ஒரு கோடு தேய்த்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டன. ஆற்றில் பாலம் உடைந்தால் இந்தக் கரையில் வண்டிகள் நிற்குமே, அப்படி. மீசையை ஆட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் தேடின. கடைசியில் ஒன்று துணிந்து குறுக்கே போயிற்று. அதன் பின்னால் எல்லாம் போயின.

இதை டீச்சரிடம் கேட்டேன். அது வாசனையால் போட்ட பாதை என்றார். எறும்புக்குக் கண்ணைவிட மீசைதான் பெரிதாம். இன்னும் சொன்னார், எனக்குத் தலை சுற்றியது. ஒரு புற்றுக்கு ராணி உண்டு. முட்டை போடுவதுதான் அவள் வேலை. வெளியில் நாம் பார்க்கிற எறும்பெல்லாம் பெண். ஆண் எறும்புக்கு இறக்கை உண்டு, வேலை கிடையாது, ஒரு முறை பறந்துவிட்டுச் செத்துப்போகும். எறும்புக்குள் இரண்டு வயிறு இருக்கிறது. ஒன்று தனக்கு. இன்னொன்றில் குடித்ததை வைத்துக்கொண்டு போய், வீட்டில் இருப்பவர்களுக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் பழனாத்தாளிடம் சொன்னேன்.

“வேல செய்யறது பூராப் பொம்பளைங்களா? அத எறும்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணுமாக்கும்!” என்றாள்.

நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இதை எழுத முடியாமல் போயிருக்கும். நல்ல வேளை, எடுத்துப் போக மறந்திருந்தேன். நாளைக் காலையில் டீச்சர் வீட்டில் கொடுக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

நோட்டு திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு மை. மடித்த பக்கத்திலும் சிவப்பு மை.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணனின் காலைப் பற்றி எழுதிய வரியில் இரண்டு பிழை இருந்திருக்கிறது. இரண்டையும் திருத்தியிருக்கிறார். அடியில் ஒரே ஒரு வரி: ‘வரும் செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும்.’

எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

“மடிச்ச பக்கத்த ஏனுங்க டீச்சர் படிச்சீங்?”

“மடிச்சிருந்ததால படிச்சேங்கய்யா.”

நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வரியை வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தடவை படித்தேன். தடுமாறாமல் படித்தேன். அது வேறு விஷயம்.

ஜனவரி 23, வியாழன்

போகப் போவதில்லை. முதலில் நானே ஒரு பரிசோதனை செய்கிறேன். இன்றிலிருந்து குளிக்கிற இடத்தில் ஒன்றுக்குப் போகாமல், தள்ளியிருக்கிற வேப்ப மரத்துப் பக்கம் போகிறேன். அங்கே எறும்பு வருகிறதா பார்க்கலாம். அங்கேயும் ஒரு கட்டெறும்புப் புற்று இருக்கிறது.

ஜனவரி 25, சனி

மூன்று நாள் ஆயிற்று. வேப்ப மரத்துப் பக்கம் ஒரு எறும்பு எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் புற்று இருந்தும் வரவில்லை! இன்று டீக்கு அரைக் கரண்டி போடச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டே குளிக்கப் போனேன்.

கல் ஓரத்தில் எறும்பு அப்படியே நிற்கிறது. ஒன்றும் குறையவில்லை. கூடத்தான் இருக்கிறது.

நான் அங்கே போய் மூன்று நாள் ஆகிறது.

இதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது காலைப் பார்த்தேன். பாதத்தில் புண் இல்லை. விரல் நகம் நன்றாக இருக்கிறது. இடது கட்டை விரலில் மட்டும் பழைய தழும்பு, அரிவாள்மணை விழுந்தது.

“என்னுங் காலையே பாக்கறீங்?”

“கொலுசு எங்க புள்ள?”

“அது ஒடிஞ்சு பதினெட்டு வருசமாச்சுங். இப்பத்தான் கேக்கறீங்.”

சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் இருந்த அளவிலேயே இருக்கிறது. பாவம், அவளுக்குப் பல் கூசுவது இன்னும் நிற்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

எனக்கென்றால் பரவாயில்லை என்று இப்போது தெரிகிறது. இத்தனை நாள் எனக்காகப் பயந்தேன். இப்போது அவளுக்காகப் பயப்படுகிறேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் கால் இல்லாமல் கட்டிலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். முதலில் நான் போகிறேன். ஊசி எவ்வளவு குத்துகிறது, என்ன கேட்கிறார்கள், எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தால், பயப்பட ஒன்றுமில்லை புள்ள என்று அவளிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

நாளைக்குச் செருப்புத் தைக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவள் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். நல்லதாய்ப் போயிற்று.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் டீ வேண்டாம் என்றேன். அவளும் போடவில்லை. நான் முதலில் கிளம்பி நடந்தேன். பாதி வழியில் டீக்கடை வாசனை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

சுகாதார நிலையத்தில் ஆண்களுக்கு ஒரு பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பெஞ்சு. சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. படித்தேன். ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன். படிக்கிற ஆசையில் எதிர் பெஞ்சுக்கு மேல் இருந்த தாளைப் பார்த்தேன். தாளுக்குக் கீழே முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பழனாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேறு எங்கேயோ பார்த்தோம். பிறகு அவள்தான் எழுந்து வந்தாள்.

“இங்க செருப்புத் தெக்கறாங்களா?”

“உன் தங்கச்சி இங்கயா குடியிருக்கறா?”

“பிஞ்ச செருப்பு எங்கீங்? கால்ல இருக்கறது நல்லாத்தான இருக்குது.”

அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“பொங்கலுக்கு முந்தியே பாத்துட்டேனுங்” என்றாள் மெதுவாக. “கல்லோரத்துல எறும்பு. உங்களுக்கோ எனக்கோ தெரியல. டீக்குச் சர்க்கரைய நிறுத்திப் பாத்தேன். பொறவு நீங்க வேப்ப மரத்துப் பக்கம் போக ஆரம்பிச்சீங். அப்பவும் எறும்பு கொறையல. அப்ப எனக்குத்தானுங்களே? உங்ககிட்டச் சொன்னா உங்கண்ணன நெனச்சு வெசனப்படுவீங்னு வந்துட்டேன்.”

“பல்லு கூசுதுன்னியே?”

“நாக்கு கசக்குதுன்னீங்களே?”

நர்ஸ் எங்கள் பெயரைக் கூப்பிட்டார். விரலில் குத்துவது எறும்புக்கடி அளவுகூட இல்லை. என்ன தொந்தரவு என்று கேட்டார். சொன்னோம். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“எறும்பு ஒண்ணும் டாக்டர் இல்லைங்க ஐயா. அதுக்கு உப்பு வேணும், சத்து வேணும். சர்க்கரை இல்லாதவங்க போன எடத்துக்கும் வரும், இருக்கறவங்க எடத்துக்கு வராமயும் போகும். அத நம்பிப் பயப்படவும் கூடாது, அத நம்பி சும்மா இருக்கவும் கூடாது. இந்த மாதிரி வந்து பாத்துக்கோணும்.”

சீட்டை என் கையில் கொடுத்தார். இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. நானே படித்தேன். ‘மாரப்பன், 96.’ கீழே இன்னொரு சீட்டு. ‘பழனாத்தாள், 112.’

“தொண்ணூத்தாறு நல்லா இருக்குதுங்க. அம்மாவுக்கு நூத்திப் பன்னண்டு. இது நோய் இல்லைங்கம்மா, ஆனா வேலிக்குப் பக்கத்துல நிக்கறீங்க. தாண்டாமப் பாத்துக்கோங்க. தெனமும் நடங்க, இனிப்பக் கொறைங்க. மூணு மாசம் கழிச்சு ஒருக்கா வாங்க.”

“கால்...?” என்று கேட்டேன்.

“காலுக்கு என்னங்க? நடக்கத்தான சொல்றேன்!”

வெளியில் வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். இட்லி சாப்பிட்டோம். எனக்கு எத்தனை இட்லி போயிற்று என்று எழுதினால் டீச்சர் நம்ப மாட்டார். வீட்டுக்குப் பஸ் வேண்டாம், நடக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நடந்தோம். கலியாணம் ஆன புதிதில் அவள் எனக்கு நாலடி பின்னால் வருவாள். இன்று முன்னால் போனாள். பாதத்தை நன்றாக ஊன்றி நடந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 29, புதன்

நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்ததும் ஆலைக்காரன் மனசு கேட்கவில்லை. நர்ஸ் சொன்னது சரி. ஆனால் உப்புக்காக வந்த எறும்பு இப்படி நிற்காது. இனிப்பைக் குடிக்கிற எறும்பின் வயிறு உப்பிக் கண்ணாடி மாதிரி மினுங்கும். எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷம் பார்த்திருக்கிறேன். கல்லோரத்து எறும்புக்கு வயிறு மினுங்குகிறது.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கல்லைத் தடவிப் பார்த்தேன். விரல் ஒட்டியது. பாகு ஒட்டுகிற மாதிரி ஒட்டியது.

“பழனாத்தா, இங்க வா புள்ள!”

அவள் வந்து விரலை வைத்துப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். எறும்பு தட்டியில் ஏறுகிற வழியைப் பார்த்தாள்.

“ஏனுங், நாம ரெண்டு பேரும் இத்தன நாளாக் கீழயே பாத்துட்டு இருந்தோமுங். மேல பாருங்.”

தட்டிக்கு மேலே அவள் ஏற்றிவிட்ட அவரைக்கொடி. அதன் இளம் நுனியில், பிஞ்சுக் காயில், கறுப்பாக எள்ளைத் தூவிவிட்ட மாதிரி அசுவினிப் பூச்சி. கொடியின் சாற்றைக் குடித்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறது. கட்டெறும்பு ஒவ்வொன்றாகப் போய், மாட்டு மடியைத் தடவுகிற மாதிரி மீசையால் பூச்சியின் முதுகைத் தடவுகிறது. உடனே பூச்சியின் பின்னாலிருந்து கண்ணாடி முத்து மாதிரி ஒரு சொட்டு வருகிறது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததிடம் போகிறது. ஒரு பொறிவண்டு அசுவினியைத் தின்ன வந்தது. நாலு எறும்பு சேர்ந்து அதன் காலைக் கடித்துத் துரத்தின. குடிக்க ஆள் இல்லாத சொட்டெல்லாம் கீழே கல்லில் விழுகிறது.

கொடியின் ஒரு இலையை நக்கிப் பார்த்தேன். இனிப்பு. இளம்பாகுப் பதம்.

எறும்பு தப்பாகக் காட்டவில்லை. அங்கே இனிப்பு இருந்தது. அது யாருடையது என்று மட்டும் நான் தப்பாக எடுத்துக்கொண்டேன்.

“எலைய நக்கற வயசாச்சுங்களா உங்களுக்கு?” என்று பழனாத்தாள் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே உட்கார்ந்து சிரித்தாள். பதினெட்டு நாளாக அவள் இப்படிச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுப்புச் சாம்பலை எடுத்து வந்து தூவப் போனாள். அவரைப் பிஞ்செல்லாம் சுருங்குகிறதாம். நான் தடுத்தேன். இதை இன்னும் பார்த்து எழுத வேண்டும் என்றேன். பேரம் பேசினோம். கிழக்குப் பக்கத்து ஒரு கொடியை மட்டும் எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். மற்றதெல்லாம் சாம்பல்.

ஜனவரி 30, வியாழன்

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, “அதுல என்னதான் எழுதியிருக்கறீங், படிங் கேக்கலாம்” என்றாள்.

முதலிலிருந்து படித்தேன். விரல் வைத்துப் படித்தேன். மடித்த பக்கம் வந்ததும் தாண்டப் பார்த்தேன். “அதையும் படிங்” என்றாள். படித்தேன். அண்ணன் வந்த இடத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவள் முன்னால் எழுதினேன் என்ற வரியையும் விடாமல் படித்தேன்.

நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

“இத எங்கிட்டச் சொல்றதுக்கு நீங்க எழுத்துப் படிச்சு வர வேண்டியதாப் போச்சுங்களா?”

நான் நோட்டை மூடப் போனேன்.

“சரி, பேனாவ எடுங். நான் சொல்றத எழுதுங்” என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேகமாகச் சொன்னாள், நான் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். அவள் சொன்னபடியே இருக்கிறது:

‘பழனாத்தா ஆகிய நான் சொல்றது. எனக்கு ஊசிக்குப் பயமில்ல. காலுக்குக்கூட அத்தன பயமில்ல. நான் படுத்துட்டா இவருக்குச் சோறு ஆக்கத் தெரியாதேன்னுதான் பயம். அன்னைக்கு அந்தப் பெஞ்சுல இவரப் பாத்ததும் பயம் பாதி போயிருச்சு. மீதிப் பாதி’

இந்த இடத்தில் எழுந்துவிட்டாள். நடக்கப் போகும் நேரம் ஆகிவிட்டதாம். நர்ஸ் சொன்னதை ஒரு நாளும் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அதெல்லாம் யோசிச்சுத்தானுங் சொல்லோணும். வர்ற வாரம் சொல்றேன், எழுதிக்கோங்” என்று வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

நானும் கூட நடக்கப் போகிறேன். அவள் சொல்கிற மீதியை அடுத்த வியாழக்கிழமை இதே பக்கத்தில் எழுதுகிறேன். அதற்குப் பத்து வரி விட்டு வைத்திருக்கிறேன்.